‘கடைசியாக வந்ததுதான் ஜெயிக்கும்’: மேஜிக் கார்டு சண்டைகளை எப்படித் தீர்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: நண்பர்களோடு ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறோம். மூன்று இடத்தில் சண்டை வந்தது. ஒன்று, 2/3 அளவில் (பவர், அதாவது தாக்கும் வலு 2; டஃப்னஸ், அதாவது தாங்கும் வலு 3) நின்ற டார்மோகாய்ஃப் என்ற கிரீச்சர் (சண்டையிடும் உயிரினக் கார்டு) மீது, 3 டேமேஜ் தரும் லைட்னிங் போல்ட் போட்டேன், சாகாது என்கிறார்கள். இரண்டு, நிலங்களின் வகையை மாற்றும் ப்ளட் மூன் என்ற கார்டு இருக்கும்போது ‘அர்போர்க், டூம் ஆஃப் யாக்மாத்’ என்ற நிலக் கார்டு இறங்கினால் கடைசியாக வந்த அர்போர்க்தானே செல்ல வேண்டும்? மூன்று, நண்பன் அப்லிவியன் ரிங்கை இறக்கி, உடனே அதைத் தானே கைக்குத் திருப்பிக்கொண்டான். என் கிரீச்சர் நிரந்தரமாகப் போய்விட்டது. இது ஏமாற்று வேலையா? இதற்கெல்லாம் பொதுவாக ஒரு முறை உண்டா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டார்மோகாய்ஃப் பிழைக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ப்ளட் மூன்தான் செல்லும், எது முதலில் வந்திருந்தாலும் சரி. அப்லிவியன் ரிங் வேலை முழுக்கச் சட்டப்படி சரியானது. உங்கள் நண்பன் கெட்டிக்காரன், அவ்வளவுதான்.

இப்போது காரணங்கள். பொதுமுறை உண்டு. இந்த விளையாட்டின் முழு விதிநூல் இருநூறு பக்கத்துக்கு மேல் போகிறது. அதைப் படிக்காமலேயே பத்தில் ஒன்பது சண்டைகளைத் தீர்த்துவிடலாம். ‘இந்தக் கார்டு என்ன செய்கிறது?’ என்று கேட்பதற்கு முன், ‘இந்த வாக்கியம் எந்த வகை?’ என்று கேட்க வேண்டும். பெரும்பாலான சண்டைகளில் இருவருமே கார்டைச் சரியாகத்தான் படித்திருப்பார்கள். ஒருவர் அதை ட்ரிகர் (ஏதாவது நடந்ததும் தானாகக் கிளம்பும் திறன்) என்று நினைப்பார், இன்னொருவர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எஃபெக்ட் என்று நினைப்பார். அங்கேதான் சிக்கல்.

வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். வாக்கியத்தின் நடுவில் முக்காற்புள்ளி இருந்தால் அது விலை கொடுத்து இயக்கும் திறன். புள்ளிக்கு இடப்பக்கம் விலை, வலப்பக்கம் பலன். ‘வென்’, ‘வெனெவர்’, ‘அட்’ என்று தொடங்கினால் ட்ரிகர். ‘இன்ஸ்டெட்’ என்ற சொல் எங்காவது இருந்தால் அது மாற்று எஃபெக்ட். நடக்கப்போவதை நடக்கவிடாமல் வேறொன்றை நடத்தும். இவை எதுவும் இல்லாமல் ‘இவையெல்லாம் இப்படி’ என்று சும்மா ஒரு நிலைமையைச் சொன்னால் அது நிலையான எஃபெக்ட். முதல் இரண்டும் ஸ்டாக்குக்கு, அதாவது தீர்வதற்காகக் காத்திருக்கும் அடுக்குக்குப் போகும். பின் இரண்டும் ஸ்டாக் பக்கமே போகாது, அவற்றுக்கு ரெஸ்பான்ஸும் (நடக்குமுன் குறுக்கிட்டுப் பதிலுக்கு ஆடுவது) கிடையாது.

ஸ்டாக் உங்களுக்குத் தெரிந்ததுதான்: கடைசியாக ஏறியது முதலில் தீரும், அதாவது நடந்து முடியும். ‘கடைசியாக வந்தது ஜெயிக்கும்’ என்ற வாய்மொழி விதி இங்கிருந்துதான் பிறந்தது என்று நினைக்கிறேன், இங்கே அது நன்றாகவே பொருந்தும். 2/2 கிரிஸ்லி பேர்ஸ் மீது நான் போல்ட் போடுகிறேன், நீங்கள் ரெஸ்பான்ஸாக ஜயன்ட் க்ரோத் போடுகிறீர்கள். க்ரோத் முதலில் தீர்ந்து கரடி 5/5 ஆகிறது, அப்புறம் 3 டேமேஜ் விழுகிறது, கரடி நிற்கிறது. திருப்பிப் பாருங்கள்: நீங்கள் முதலில் க்ரோத் போட்டு, நான் ரெஸ்பான்ஸாகப் போல்ட் போட்டால், 2/2 கரடி செத்துவிடும். இலக்கு இல்லாமல் க்ரோத் வீணாகும். அதே இரண்டு கார்டு, அதே கரடி. (இந்த போல்ட்டும் க்ரோத்தும் 1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருப்பவை. ஒரு மானாவுக்கு (நிலங்கள் தரும், கார்டுகளை ஆடக் கொடுக்கும் விலை) ‘மூன்று’ தரும் ஐந்து கார்டுகளில் இரண்டு. மீதி மூன்றில் ஒன்றுதான் ஆன்செஸ்ட்ரல் ரீகால். அதன் இன்றைய விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது மனதுக்கு நல்லது.)

ஸ்டாக்கில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. ப்ராடிகல் சோர்சரர் என்று ஒரு பழைய 1/1. அதைச் சாய்த்தால் (அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால்) எந்த இலக்குக்கும் 1 டேமேஜ். எதிராளி அதைச் சாய்த்து உங்கள் கிரீச்சரைக் குறிவைக்கிறார். ‘ரெஸ்பான்ஸாக அந்த சோர்சரரையே கொல்கிறேன், அப்போது டேமேஜ் வராதே!’ என்பார்கள். வரும். திறன் ஸ்டாக்கில் ஏறிய பிறகு, அதைக் கிளப்பிய கார்டு உயிரோடு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதேபோல், ஒரு கிரீச்சரைப் பலி கொடுப்பதே விலையாக இருந்தால் அந்தப் பலியைத் தடுக்க முடியாது. உங்களுக்கு ரெஸ்பான்ஸ் செய்ய வாய்ப்பு வரும்போது விலை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. நிலம் இறக்குவதும், மானா எடுப்பதற்காக மட்டுமே உள்ள திறன்களும் ஸ்டாக்குக்கே போவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக் என்பது 1999இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு வந்த ஏற்பாடு. அதற்கு முன் ‘இன்டரப்ட்’ என்று தனியாக ஒரு கார்டு வகையே இருந்தது. பழைய ஆட்டக்காரர் யாராவது உங்கள் மேசையில் வினோதமாக வாதாடினால் பெரும்பாலும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். அதேபோல, சண்டை டேமேஜ் ஸ்டாக்கில் ஏறும் என்று சொல்பவர் 2009க்கு முன் ஆடியவர். மேஜிக் 2010 தொகுப்போடு அது போய்விட்டது. பல கிரீச்சர்கள் ஒன்றைத் தடுக்கும்போது டேமேஜ் வரிசையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி அதோடு சேர்ந்தே வந்தது. அதுவும் 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்போடு எடுக்கப்பட்டது. ஆக, நன்றாக ஆடத் தெரிந்த இருவர் ஒரே விஷயத்தில் வேறு வேறு பதில் சொன்னால், ‘எந்த வருடம் கற்றுக்கொண்டீர்கள்?’ என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, டார்மோகாய்ஃப். அதன் பவர், எல்லாருடைய கிரேவ்யார்டிலும் (பயன்படுத்திய, அழிந்த கார்டுகள் போகும் குவியல்) சேர்த்து எத்தனை வகைக் கார்டுகள் இருக்கின்றனவோ அத்தனை. டஃப்னஸ் அதற்கு ஒன்று கூட. கிரேவ்யார்டுகளில் நிலமும் சோர்சரியும் மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகை, ஆக 2/3. நீங்கள் போல்ட் போடுகிறீர்கள், 3 டேமேஜ். டஃப்னஸ் 3, டேமேஜ் 3, செத்திருக்க வேண்டுமே?

டேமேஜ் விழுந்த அந்த நொடியில் எந்தக் கிரீச்சரும் சாவதில்லை. சாகடிப்பது டேமேஜ் அல்ல, அதற்குப் பின் நடக்கும் ஒரு சோதனை. ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டக்காரருக்கு ‘இப்போது நீங்கள் ஏதாவது செய்யலாம்’ என்ற வாய்ப்பு வருவதற்குச் சற்று முன், ஆட்டமே மேசையை ஒருமுறை சுற்றிப் பார்க்கும். டஃப்னஸுக்கு நிகரான டேமேஜ் வாங்கியவை, டஃப்னஸ் பூஜ்யமானவை, உயிர் பூஜ்யமான ஆட்டக்காரர்கள் எல்லாரும் அந்தச் சுற்றில்தான் வெளியேறுவார்கள், அதுவும் ஒரே நேரத்தில். விதிநூல் இதை ‘ஸ்டேட்-பேஸ்ட் ஆக்‌ஷன்’ என்கிறது. இந்தச் சுற்று ஒரு ஸ்பெல் (ஆடப்பட்ட மந்திரக் கார்டு) தீர்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் வராது, முழுக்கத் தீர்ந்த பிறகுதான் வரும். ஒரு ஸ்பெல் தீர்வதன் கடைசி வேலை என்ன? அந்தக் கார்டு கிரேவ்யார்டுக்குப் போவது.

இப்போது வரிசையாகப் பாருங்கள். போல்ட் 3 டேமேஜ் போடுகிறது. போல்ட் கார்டு கிரேவ்யார்டுக்குப் போகிறது. போல்ட் ஓர் இன்ஸ்டன்ட், அந்த வகை அதுவரை அங்கே இல்லை. நிலம், சோர்சரி, இன்ஸ்டன்ட் என்று மூன்று வகை ஆகிவிட்டது. டார்மோகாய்ஃப் 3/4. அப்புறம்தான் சோதனை வருகிறது. டேமேஜ் 3, டஃப்னஸ் 4. பிழைத்துவிட்டது.

நிபந்தனை என்றேனே, அது இதுதான். எந்தக் கிரேவ்யார்டிலாவது ஏற்கெனவே ஓர் இன்ஸ்டன்ட் கிடந்திருந்தால் வகை கூடாது, அது 2/3 ஆகவே இருந்து செத்துவிடும். 1/2 ஆக இருந்தாலும் சாகும். போல்ட் விழுந்ததும் 2/3 ஆனாலும் 3 டேமேஜைத் தாங்காது. ‘டார்மோகாய்ஃபைப் போல்ட்டால் கொல்ல முடியாது’ என்று சிலர் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிவார்கள். நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள்.

இதே சோதனைச் சுற்று இன்னொரு இடத்திலும் ஆட்டத்தையே மாற்றும். உங்கள் உயிர் 2. எதிராளி இரண்டு கிரீச்சர்களோடு தாக்குகிறார். ஒன்றை, லைஃப்லிங்க் (தான் தரும் டேமேஜ் அளவுக்கு உங்கள் உயிரைக் கூட்டும் திறன்) உள்ள உங்கள் 5/5 கிரீச்சர் தடுக்கிறது, தடுக்காத இன்னொன்று உங்களுக்கு 3 டேமேஜ் தருகிறது. எல்லா டேமேஜும் ஒரே நேரத்தில் விழுகிறது. லைஃப்லிங்க் என்பது டேமேஜின் பலனிலேயே கலந்திருப்பது, ட்ரிகர் அல்ல. ஆகவே 2இலிருந்து 3 போய், 5 சேர்ந்து, சோதனை வரும்போது உங்கள் உயிர் 4. ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். அதே கிரீச்சருக்கு லைஃப்லிங்க் இல்லாமல் ஸ்பிரிட் லிங்க் என்ற பழைய ஆரா ஒட்டியிருந்தால்? அதில் ‘வெனெவர்’ என்று இருக்கிறது. ட்ரிகர். டேமேஜ் விழுந்ததும் உயிர் மைனஸ் 1. சோதனைச் சுற்று வருகிறது, நீங்கள் தோற்றுவிட்டீர்கள். அந்த ட்ரிகர் ஸ்டாக்கில் ஏறக்கூட நேரமில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை.

அப்லிவியன் ரிங் முழுக்க ட்ரிகர் விவகாரம். 2007இல் லார்வின் தொகுப்பில் வந்த கார்டு. அதில் தனித்தனியாக இரண்டு ட்ரிகர்கள் உண்டு. உள்ளே வரும்போது, நிலமல்லாத வேறொரு பெர்மனென்டை (மேசையில் தங்கும் கார்டை) எக்ஸைல் செய், அதாவது ஆட்டத்திலிருந்து விலக்கி வை. வெளியே போகும்போது, எக்ஸைலான கார்டைத் திருப்பிக் கொடு. எழுதியவர்கள் மனதில் இது ஒரு வாடகைச் சிறை: ரிங் இருக்கும்வரை கைதி உள்ளே, போனால் விடுதலை. ஆனால் விதிகளுக்கு எழுதியவர் மனது தெரியாது.

உங்கள் நண்பன் செய்தது இது. ரிங் உள்ளே வந்தது. முதல் ட்ரிகர் உங்கள் கிரீச்சரைக் குறிவைத்து ஸ்டாக்கில் ஏறியது. அது தீருமுன், ரெஸ்பான்ஸாக ரிங்கைக் கைக்குத் திருப்பினான். ரிங் வெளியே போனதால் இரண்டாம் ட்ரிகர் கிளம்பி, முதல் ட்ரிகரின் தலைமேல் உட்கார்ந்தது. மேலே இருப்பது முதலில் தீர வேண்டும். ‘எக்ஸைலான கார்டைத் திருப்பிக் கொடு’. ஆனால் இன்னும் எதுவும் எக்ஸைலாகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் முதல் ட்ரிகர் தீர்ந்து உங்கள் கிரீச்சரை எக்ஸைல் செய்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய ட்ரிகர் ஏற்கெனவே வந்து போய்விட்டது, இனி அது வராது. போதாக்குறைக்கு ரிங் அவன் கையில் பத்திரமாக இருக்கிறது, மறுபடி இறக்கலாம். நானாக இருந்தால் அந்த இடத்தில் கை குலுக்கியிருப்பேன்.

வடிவமைப்பாளர்களுக்கே இது பிடிக்காமல் போயிருக்க வேண்டும். பின்னால் வந்த கார்டுகளில் வாக்கியத்தையே மாற்றிவிட்டார்கள். 2014இல் வந்த பேனிஷிங் லைட்டைப் பாருங்கள்: ஒரே திறன், ‘இது வெளியே போகும்வரை எக்ஸைல் செய்’. அந்தத் திறன் தீருமுன் லைட் போய்விட்டால், ‘வெளியே போகும்வரை’ என்ற காலம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. ஆகவே எக்ஸைலே நடக்காது. தந்திரம் செத்துவிட்டது. ரிங்கும் லைட்டும் ஒன்றுதான் என்று டெக்கில் மாற்றி மாற்றி வைப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுவது நல்லது.

ரிங்கைப் பற்றி இன்னொன்று. மேசையில் நிலங்களைத் தவிர எதுவுமே இல்லை, மூன்று அப்லிவியன் ரிங்குகள் வருகின்றன என்று வையுங்கள். முதல் ரிங்குக்கு இலக்கில்லை. இரண்டாவது முதலாவதை எக்ஸைல் செய்கிறது. மூன்றாவது இரண்டாவதைச் செய்கிறது, அதனால் முதலாவது திரும்புகிறது. அது கட்டாயமாக மூன்றாவதை எக்ஸைல் செய்கிறது, இரண்டாவது திரும்புகிறது... இது நிற்காது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, எல்லாம் கட்டாயம். யாராலும் நிறுத்த முடியவில்லை என்றால் ஆட்டம் டிரா. ‘செய்யலாம்’ என்ற விருப்பம் சுழற்சியில் ஓரிடத்தில் இருந்தாலும் கதை வேறு. அப்போது எத்தனை சுற்று என்று சொல்லிவிட்டு நிறுத்தியாக வேண்டும்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் ட்ரிகர் வந்தால், யாருடைய டர்னோ அவர் தன்னுடையவற்றை முதலில் ஸ்டாக்கில் ஏற்றுவார், அடுத்தவர் அதன் மேல் ஏற்றுவார். விளைவு: டர்ன் இல்லாதவருடையதுதான் முதலில் தீரும்.

மாற்று எஃபெக்ட்களில் நினைவில் வைக்க வேண்டியது, மாற்றப்பட்ட சம்பவம் நடக்கவே இல்லை என்பது. ரெஸ்ட் இன் பீஸ் இருக்கும்போது ஒரு கிரீச்சர் கிரேவ்யார்டுக்குப் போகப்போனால் அதற்குப் பதில் எக்ஸைலாகிறது. அது ‘சாகவில்லை’. ஆகவே ‘இது சாகும்போது’ என்ற ட்ரிகர் எதுவும் கிளம்பாது. ‘செத்துவிட்டு அப்புறம் எக்ஸைலுக்குப் போகிறது’ என்று வாதாடுபவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும்.

கமாண்டர் வகை ஆட்டம் (ஒரு கார்டைத் தலைவராக வைத்து ஆடுவது) ஆடுபவர்களுக்கு இதில் நேரடி லாபம் உண்டு. முன்பு உங்கள் கமாண்டர் செத்தால், கிரேவ்யார்டுக்குப் பதிலாக கமாண்ட் ஸோனுக்கு (அவருக்கான தனி இடம்) அனுப்பலாம் என்பது மாற்று எஃபெக்டாக இருந்தது. அப்படி அனுப்பினால் அவர் சாகவில்லை, அவருடைய சாவு ட்ரிகரும் வராது. 2020இல் விதியை மாற்றினார்கள். இப்போது கமாண்டர் உண்மையிலேயே கிரேவ்யார்டுக்குப் போகிறார், ட்ரிகர் வருகிறது, அடுத்த சோதனைச் சுற்றில் அவரை கமாண்ட் ஸோனுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே கார்டு, ஒரே சொற்கள். விதியின் வகை மாறியதும் எத்தனையோ டெக்குகள் புதிதாக உயிர் பெற்றன. ஆனால் கையிலோ டெக்கிலோ திரும்பப் போகும்போது இன்றும் பழையபடி மாற்று எஃபெக்ட்தான்.

ஒரே சம்பவத்தை இரண்டு மாற்று எஃபெக்ட்கள் பிடித்து இழுத்தால் வரிசையை யார் முடிவு செய்வது? எந்தக் கார்டு எப்போது வந்தது என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை. பாதிக்கப்படும் பெர்மனென்டை வைத்திருப்பவரோ, பாதிக்கப்படும் ஆட்டக்காரரோ தேர்ந்தெடுப்பார். உங்களிடம் ஹார்டன்ட் ஸ்கேல்ஸும் டபுளிங் ஸீஸனும் இருக்கின்றன. உங்கள் கிரீச்சருக்கு ஓர் எஃபெக்ட் +1/+1 கவுன்ட்டர் (கார்டின் மேல் வைக்கும் அடையாள வில்லை) ஒன்று வைக்கப்போகிறது. ஸ்கேல்ஸ் ஒன்றைக் கூட்டும், ஸீஸன் இரட்டிப்பாக்கும். ஸ்கேல்ஸை முதலில் எடுத்தால் இரண்டாகி, பிறகு நான்கு. ஸீஸனை முதலில் எடுத்தால் இரண்டாகி, பிறகு மூன்று. தேர்வு உங்களுடையது, நான்கை எடுங்கள். ஒவ்வொரு மாற்று எஃபெக்டும் ஒரு சம்பவத்தில் ஒருமுறைதான் தலையிடும், ஆகவே இரண்டு ஸீஸன் இருந்தால் நான்கு மடங்கோடு நின்றுவிடும். இன்னொரு நுணுக்கம்: டபுளிங் ஸீஸன் ‘ஓர் எஃபெக்ட் கவுன்ட்டர் வைத்தால்’ என்கிறது. பிளேன்ஸ்வாக்கர் (லாயல்டி என்ற கவுன்ட்டர்களோடு வரும் கார்டு வகை) உள்ளே வரும்போது லாயல்டி இரட்டிக்கும். ஆனால் ‘+1’ திறனை இயக்கும்போது வைக்கிற கவுன்ட்டர் விலையின் பகுதி, எஃபெக்ட் அல்ல, இரட்டிக்காது. இதைத் தெரியாமல் இரட்டிப்பவர்கள் ஒவ்வொரு மேசையிலும் ஒருவராவது இருப்பார்.

இனி ப்ளட் மூன். ப்ளட் மூன் சொல்வது: பேசிக் (அடிப்படை) அல்லாத நிலங்கள் எல்லாம் மவுன்டன், அதாவது சிவப்பு மானா தரும் வகை. அர்போர்க் சொல்வது: ஒவ்வொரு நிலமும் தன் வகைகளோடு கூட ஸ்வாம்பும் (கருப்பு மானா தரும் வகை) ஆகும். இரண்டும் நிலையான எஃபெக்ட்கள், ஸ்டாக் கிடையாது. இங்கேதான் லேயர் என்ற ஏற்பாடு வருகிறது. ஒரு பெர்மனென்ட் இப்போது எப்படி இருக்கிறது என்று கணக்கிட ஆட்டம் ஏழு படிகளில் போகும்: நகல், யார் வசம், எழுத்து மாற்றம், வகை, நிறம், திறன்கள், கடைசியாகப் பவர்-டஃப்னஸ். வீட்டுச் சுவருக்கு முதலில் சிமென்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயின்ட் என்பது மாதிரி. பெயின்ட் டப்பாவை முதல் நாளே வாங்கி வைத்திருந்தாலும் பூசுவது கடைசியில்தான். ஒரே படிக்குள் இரண்டு எஃபெக்ட் மோதினால் மட்டுமே ‘யார் பிந்தி வந்தார்’ என்ற டைம்ஸ்டாம்ப் கணக்கு.

இதற்கு எளிய உதாரணம் ஒன்று. உங்களிடம் க்ளோரியஸ் ஆந்தம் இருக்கிறது. உங்கள் கிரீச்சர்களுக்கு +1/+1. அப்புறம் எதிராளி ஹ்யூமிலிட்டி இறக்குகிறார்: எல்லாக் கிரீச்சர்களும் திறன்களை இழந்து அடிப்படை 1/1 ஆகும். கடைசியாக வந்தது ஹ்யூமிலிட்டி, ஆகவே எல்லாம் 1/1 என்பீர்கள். இல்லை, உங்களுடையவை 2/2. ஏழாம் படிக்குள்ளேயே உட்படிகள் உண்டு. அடிப்படை எண்ணை நிர்ணயிப்பது முன்னால், கூட்டிக் கழிப்பது பின்னால். எது எந்த டர்னில் வந்திருந்தாலும் விடை 2/2தான்.

ப்ளட் மூனும் அர்போர்க்கும் இரண்டுமே வகையை மாற்றுபவை, அதாவது ஒரே நான்காம் படி. அப்படியானால் டைம்ஸ்டாம்ப் பார்த்து, பிந்தி வந்த அர்போர்க் கடைசியில் செல்ல வேண்டும் என்பது உங்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் டைம்ஸ்டாம்ப் பார்ப்பதற்கு முன் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: இரண்டில் ஒன்றைச் செலுத்தினால் மற்றது இருக்குமா இருக்காதா என்பதே மாறுமா? அர்போர்க் தானே பேசிக் அல்லாத ஒரு நிலம். ப்ளட் மூனைச் செலுத்தினால் அர்போர்க் மவுன்டன் ஆகும். ஒரு நிலத்தின் வகையை இப்படி முழுக்க மாற்றிவிட்டால் அது தன் எழுத்தில் இருந்த திறன்களை இழந்து, சிவப்பு மானா தரும் திறனை மட்டும் பெறும் என்பது விதி. அர்போர்க்கின் ‘எல்லாம் ஸ்வாம்ப்’ என்ற வாக்கியமே காணாமல் போகிறது. அர்போர்க்கின் எஃபெக்ட் ப்ளட் மூனைச் சார்ந்து நிற்கிறது. சார்ந்து நிற்பது காத்திருக்க வேண்டும். ப்ளட் மூன் முதலில், அப்புறம் அர்போர்க்கின் முறை வரும்போது செலுத்த ஒன்றுமில்லை. திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: அர்போர்க்கை முதலில் செலுத்தினால் ப்ளட் மூனுக்கு ஏதாவது ஆகுமா? அது ஓர் என்சான்ட்மென்ட் (மேசையில் தங்கும் மந்திரம்), நிலமல்ல, ஒன்றும் ஆகாது. ஆகவே சார்பு ஒரு பக்கம் மட்டும். முடிவு: பேசிக் அல்லாத எல்லா நிலமும் மவுன்டன், பேசிக் நிலங்கள் பழையபடி, ஸ்வாம்ப் யாருக்கும் கிடைக்காது. அர்போர்க் லெஜண்டரியாக மட்டும் இருந்துகொண்டிருக்கும், அந்தப் பட்டம் வகையோடு போகாது.

இதையே கொஞ்சம் மாற்றினால் உங்கள் வாதம் ஜெயித்துவிடும். அர்போர்க்குக்குப் பதில் ட்ரையட் ஆஃப் தி இலீஷியன் க்ரோவ். உங்கள் நிலங்களெல்லாம் ஐந்து பேசிக் வகைகளும் ஆகும் என்கிறது. ட்ரையட் நிலமல்ல, கிரீச்சர். ப்ளட் மூன் அதன் திறனைத் தொடாது. சார்பு இல்லை, ஆகவே டைம்ஸ்டாம்ப். ட்ரையட் பிந்தி வந்தால் உங்கள் நிலங்கள் ஐந்து நிறமும் தரும் (பேசிக் அல்லாதவற்றின் சொந்தத் திறன்கள் ப்ளட் மூனால் போனது போனதுதான்). ப்ளட் மூன் பிந்தி வந்தால் பேசிக் அல்லாதவை வெறும் மவுன்டன். ஆக, ‘கடைசியாக வந்தது ஜெயிக்கும்’ என்பது தவறான விதி அல்ல, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை விழுங்கிவிட்ட விதி. அடிக்கடி சரியான விடை தருவதால்தான் அதை நம்பி மோசம் போகிறோம்.

லேயர் என்று பேச்செடுத்தால் ஒருவராவது ஹ்யூமிலிட்டியையும் ஓபலெஸன்ஸையும் இழுப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓபலெஸன்ஸ்: மற்ற ஆரா அல்லாத என்சான்ட்மென்ட்கள் எல்லாம் கிரீச்சரும் ஆகும், அவற்றின் அடிப்படைப் பவரும் டஃப்னஸும் மானா மதிப்புக்குச் சமம். நான்காம் படியில் ஹ்யூமிலிட்டி கிரீச்சர் ஆகிறது. ஆறாம் படியில் ஹ்யூமிலிட்டி எல்லாக் கிரீச்சர்களின் திறன்களையும் பறிக்கிறது, தன்னுடையதையும் சேர்த்து. தன் திறனையே பறித்த பிறகு ஏழாம் படியில் அது எப்படி 1/1 ஆக்கும்? ஒரு எஃபெக்ட் ஒரு படியில் செல்லத் தொடங்கிவிட்டால், நடுவில் அதன் மூலம் அழிந்தாலும் மீதிப் படிகளிலும் தொடரும் என்று விதி இருக்கிறது. ஆகவே ஏழாம் படியில் இரண்டும் மோதும், அங்கே சார்பு இல்லை, டைம்ஸ்டாம்ப்தான். ஹ்யூமிலிட்டி பிந்தி வந்திருந்தால் அதுவே 1/1. ஓபலெஸன்ஸ் பிந்தி வந்திருந்தால் ஹ்யூமிலிட்டி, மானா மதிப்பு நான்கு என்பதால், 4/4. ஓபலெஸன்ஸ் ‘மற்ற’ என்று சொல்வதால் தனியாக இருக்கும்போது தான் கிரீச்சர் ஆகாமல் தப்பித்துக்கொள்கிறது. என் கருத்தில் இது மேசையில் வருவதைவிட வாதத்தில் வருவதே அதிகம். ஆனாலும் இதை ஒருமுறை பென்சிலும் தாளும் வைத்துப் போட்டுப் பார்த்தவருக்கு லேயர் பற்றி வேறு பாடம் தேவைப்படாது.

இந்த விதிகளெல்லாம் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதற்கு ஒரு தகவல்: டெக்குகளை வைத்து ஒரு டூரிங் இயந்திரத்தையே (கணினியின் கோட்பாட்டு வடிவம்) மேசையில் அமைக்கலாம், அப்படி அமைத்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்பதைப் பொதுவாகக் கணித்துச் சொல்ல எந்த வழிமுறையும் இல்லை என்று 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. உங்கள் மேசைச் சண்டைகள் அந்த அளவுக்குப் போகாது.

வீட்டு மேசையில் செய்ய வேண்டியது, கார்டில் அச்சான எழுத்தோடு நிற்காமல் அதன் ஆரக்கிள் எழுத்தை, அதாவது இன்று செல்லுபடியாகும் அதிகாரபூர்வ வாசகத்தைப் பார்ப்பது. அதிகாரபூர்வமான கேதரர் தளத்தில் ஒவ்வொரு கார்டின் பக்கத்திலும் அது இருக்கிறது. கீழேயே அந்தக் கார்டுக்கான தீர்ப்புகளும் இருக்கும். பழைய போல்ட் ஒன்றில் ‘கிரீச்சர் அல்லது ஆட்டக்காரர்’ என்று அச்சாகியிருக்கலாம். 2018இல் டொமினேரியா தொகுப்போடு அது ‘எந்த இலக்கும்’ என்று மாறிவிட்டது, ஆகவே அந்தப் பழைய அட்டையாலும் பிளேன்ஸ்வாக்கரை நேரடியாக அடிக்கலாம். செல்வது எப்போதும் ஆரக்கிள்தான். போட்டி என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம்: எதையும் தொடாமல், கார்டுகளை நகர்த்தாமல், கையை உயர்த்தி ஜட்ஜைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னதில் திருப்தி இல்லையென்றால் தலைமை ஜட்ஜிடம் மேல்முறையீடு செய்யலாம், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், உங்கள் நண்பனின் ரிங் தந்திரத்துக்கு மருந்து வேண்டுமென்றால்: முதல் ட்ரிகர் ஸ்டாக்கில் இருக்கும்போதே உங்கள் கிரீச்சரை நீங்களே கைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இலக்கு போய்விட்டதால் அந்த ட்ரிகர் ஒன்றும் செய்யாமல் தீர்ந்துவிடும்.